மரநாயின் உபகாரம்

பெயர் சூட்டும் விஷயத்தில் மனிதனைப் போன்ற அநியாயக்காரன் வேறு எவனும் இல்லை. தனக்கு வேண்டாத செடிக்குக் 'களை' என்று பெயர் வைத்தான். இரவில் விழித்திருக்கும் ஆந்தைக்கு 'அபசகுனம்' என்று பட்டம் கொடுத்தான். மரத்தில் வாசம் செய்யும் ஒரு கூச்சமுள்ள பிராணியை 'மரநாய்' என்று அழைத்தான். அதுவோ நாயுமல்ல, பூனையுமல்ல. புனுகுப்பூனையின் குடும்பத்தில் பிறந்தது.

ஊர்ப்புறத்து மரநாயை நேயர்களில் பலர் அறிவார்கள். நடுநிசியில் ஓட்டு வீட்டுப் பரணில் தடதடவென்று ஓடிக் குழந்தைகளின் உறக்கத்தைக் கெடுப்பது அதுதான். மரத்தில் கட்டிய கலயத்துக் கள்ளை ருசி பார்ப்பதும் அதுதான். எங்கள் வீட்டுக் கோழிக் கூட்டில் அது கைவைத்த மறுநாள் பாட்டி பொழிந்த வசவுகளை இங்கே எழுதினால் பத்திராதிபர் அச்சிட மாட்டார்!

இந்தச் சமவெளி மரநாய்க்கு மலைநாட்டில் ஒரு பங்காளி உண்டு. பழுப்பு மரநாய் என்பது அதன் பெயர். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் அது இயற்கையில் கிடையாது. 1885ஆம் ஆண்டில் பிளான்போர்டு என்பவர் அதைப் பற்றி முதன்முதலாக எழுதி, தென்னாட்டுப் பிராணிகளை ஆராய்ந்த வைத்தியர் ஜெர்டனின் பெயரை அதற்குச் சூட்டினார். பெரிய பூனையளவு உடல், புள்ளியோ கோடோ இல்லாத பழுப்பு நிறம், நீண்ட வால். பிடரி மயிர் மட்டும் மற்றப் பிராணிகளுக்கு மாறாகத் தலையை நோக்கி வளர்ந்திருக்கும். பகலெல்லாம் மரப்பொந்திலோ, கொடிப் பின்னலிலோ, மலையணில் கட்டிய கூட்டிலோ சுருண்டு உறங்கும். இருட்டியதும் தன்னந்தனியாகப் புறப்படும்.

பிராணி சாஸ்திரிகள் இதைப் புலி சிறுத்தைகளோடு சேர்த்து மாமிச பட்சிணிகளின் வரிசையில் வைத்திருக்கிறார்கள். வம்சமும் பல்லும் அப்படித்தான் சொல்கின்றன. ஆனால் ஆகாரமோ பெரும்பாலும் பழம்! 1990களில் களக்காடு முண்டந்துறைக் காட்டில் நடந்த ஆராய்ச்சியில், இது ஐம்பதுக்கும் மேற்பட்ட மரஞ்செடிகொடிகளின் பழங்களைத் தின்பதாகத் தெரிய வந்தது. எலியும் பூச்சியும் கிடைத்தால் விடுவதில்லை. எனினும் அவை ஊறுகாய் மாதிரிதான்.

இதில் என்ன உபகாரம் என்று கேட்கலாம். மரநாய் பழத்தை மென்று கூழாக்குவதில்லை, பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது. சதை வயிற்றில் ஜீரணமாகிறது. விதை சேதமின்றி வெளியே வந்து விடுகிறது. அதற்குள் பிராணி தாய்மரத்தை விட்டு வெகுதூரம் போயிருக்கும். தாய்மரத்தின் நிழலிலேயே விழுந்த விதைகளில் பல, வெளிச்சமின்றியும் பூச்சிக்கு இரையாகியும் மடிகின்றன. தூரப் போன விதைக்குத்தான் பிழைக்க வழி அதிகம். பகலில் இருவாட்சிப் பறவை செய்யும் தொழிலை இரவில் இந்த மரநாய் செய்கிறது.

ஒருமுறை வால்பாறையில், காட்டை ஒட்டிய பாதையில் விடியற்காலையில் நடந்துகொண்டிருந்தேன். உடன் வந்த முதிய தோட்டத் தொழிலாளி, விழுந்து கிடந்த மரமொன்றின் மேல் எதையோ சுட்டிக் காட்டினார். மரநாயின் எச்சம், நிறைய விதைகள். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டேன். அவர் சிரித்தார். "அருவருப்புப் படாதீங்க ஐயா. நாங்க கூலி வாங்கிக்கிட்டு நாத்து நடுறோம். இது கூலியில்லாம நடுது" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு பெரிய கிரந்தம் எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை.

அந்த மலையில் 1890களில் தொடங்கி, காப்பிக்கும் தேயிலைக்குமாகக் காடு பெருவாரியாக வெட்டப்பட்டது. தேயிலைக் கடலின் நடுவே சிறு தீவுகளாகக் காட்டுத் துண்டுகள் எஞ்சி நிற்கின்றன. அவற்றுக்கிடையே விதை சுமந்து போக நடமாடும் பிராணிகள் வேண்டும். ஆனைமலையில் பிறக்கும் ஆறுகளின் நீர்தான் பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்கால்களின் வழியே பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளுக்குப் பாய்கிறது. மழையை வாங்கி வைத்துச் சிறுகச் சிறுக ஆற்றுக்குக் கொடுப்பது காடு. அந்தக் காட்டைப் புதுப்பிக்கும் வேலையில் இந்த இரவுச் சஞ்சாரிக்கும் பங்கு உண்டு.

இதற்கு நாம் செய்யும் பிரதியுபகாரம் என்ன? 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் மரநாயைப் பிடிப்பதையும் கொல்வதையும் தடை செய்திருக்கிறது. இருந்தும் கறிக்காகக் கண்ணி வைப்பவர்கள் இருக்கிறார்கள். இந்தோனேசியாவிலோ வேறு விதமான கொடுமை. மரநாயின் எச்சத்திலிருந்து பொறுக்கிய காப்பிக்கொட்டைக்கு உலகச் சந்தையில் அபார விலை. அந்த ஆசையில், நம் ஊர்ப்புறத்து மரநாயின் இனத்தையே சிறு கூண்டுகளில் அடைத்துக் காப்பிப் பழத்தைத் திணிக்கிறார்கள். காடெங்கும் விதைக்கப் பிறந்தது கம்பிக்குள் சுற்றிச் சுற்றி வருகிறது.

காலையில் காப்பி இல்லாமல் கண் திறவாத குடும்பங்கள் நம்முடையவை. நல்ல காப்பிக்கு நல்ல கொட்டையும் நல்ல பாலும் போதும். ஒரு ஜீவனின் சிறைவாசம் தேவையில்லை. பரணில் சத்தம் கேட்டால் ஓட்டின் சந்தை அடைத்துவிடுவோம். கோழிக் கூட்டுக்கு நல்ல தாழ்ப்பாள் போடுவோம். தடியை மட்டும் எடுக்க வேண்டாம். மரநாய் பெயருக்கு நாயாகவே இருந்துவிட்டுப் போகட்டும். அதன் தொழிலை அது செய்ய விட்டால் போதும்.