அம்பும் படங்கும்

1415இல் நடந்த அஜின்கோர்ட் சண்டையில் ஆங்கிலேயரின் அம்பு பிரெஞ்சுக்காரரின் இரும்புக் கவசத்தைத் துளைச்சுதா இல்லையா என்று ரொம்ப காலமா வாதம். 2019இல் டாட்ஸ் வேர்க்‌ஷொப் என்ற பிரித்தானியப் பட்டறைக்காரர்கள் அதே மாதிரிக் கவசம் செய்வித்து, எய்தே பார்த்துட்டாங்க. அந்த வீடியோவை நாங்க லயத்து இஸ்தோப்பில் ஒரே போனில் பார்த்தோம்.

ஜோ கிப்ஸ் இழுத்த வில்லின் விசை 160 இறாத்தல். 25 மீட்டரில் நின்று எய்தும் மார்புத் தகடு ஓட்டையாகல, அம்புதான் நொறுங்கிச்சு. ஆனா உடைஞ்ச சில்லுகள் கழுத்துப் பக்கம் தெறிச்சுது. தகடு முடியுற இடத்தில், சங்கிலிச் சட்டைக்குள்ள அம்பு இறங்கிடுச்சு.

மூடாத இடத்தில்தான் கவசத்தைச் சோதிக்கணும் போல. எங்க வீட்டுப் பொம்பளைகளுக்கு இது புதுசில்ல. கொழுந்தெடுக்கப் போகும்போது இடுப்பில் கட்டுற படங்கு, தேயிலைக் குச்சி வயித்தைக் கிழிக்காம காக்கும், ஈரத்தையும் தடுக்கும். குளவி கலைஞ்சா? முகம், கழுத்து, கை எல்லாம் திறந்துதான் கிடக்கு. அட்டன், பொகவந்தலாவைப் பக்கம் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவங்க எத்தனையோ பேர். செத்தவங்களும் உண்டு.

அப்ப முழுசா மூடுற உடுப்பு கேட்போமா என்றோம். பக்கத்து லயத்து அக்கா சிரிச்சாங்க: "அதை மாட்டிக்கிட்டு மலை ஏறினா முழுப் பேருக்குக் கொழுந்து எடுக்க ஏலுமா தம்பி?"

நியாயம்தான். அஜின்கோர்ட்டிலும் கவசத்தோட சேத்தில் நடந்தவங்க, கைகலப்புக்கு முன்னாடியே களைச்சுப் போனாங்க. அதனால உடுப்பு தைக்கிறவங்க மேசையில் வச்சுச் சோதிச்சா போதாது. கூடையைத் தலையில் மாட்டி, சரிவில், வெயில்லயும் மழையிலயும் ஒரு முழு நாள் போட்டுப் பார்க்கட்டும்.