வினைச்சொல் தேர்ந்தெடுக்கும் காணொளி

பருவத் தொடக்கத்தில் பாடக்கோப்பு தயாரிக்கும் வேலை வந்துவிடுகிறது. 2014-இல் இந்தியா வாஷிங்டன் உடன்படிக்கையின் நிரந்தர உறுப்பினராயிற்று. பொறியியல் கல்வியில் விளைவுசார் கல்வி வேரூன்றியது. இன்று அறிவியல், கலைத் துறைகளிலும் கற்றல் விளைவுகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே பயிற்றுக் கருவிகளைக் குறிக்கிறோம். அந்தக் கட்டத்தில் ஒரு காணொளியின் இணைப்பை ஒட்டினால் கோப்பு நிறைவடைந்துவிடும். அந்தக் காணொளி எந்த விளைவைத் தரும் என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை.

புனேயில் முனைவர் பட்ட ஆய்வுக்கிடையே முதலாண்டு மாணவர்களுக்கு இயற்பியல் பயிற்சி வகுப்பு எடுத்து வருகிறேன். பலர் மராத்தி வழியில் பள்ளிக்கல்வி முடித்தவர்கள். வகுப்பு ஐம்பது நிமிடம். பத்து நிமிடக் காணொளி என்றால் அவர்களுடைய நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே கற்றல் நோக்கத்தில் உள்ள வினைச்சொல்லையே நான் முதலில் பார்க்கிறேன்: கூறுதல், விளக்குதல், கணக்கிடுதல் ஆகிய மூன்றும் ஒரே செயல் அல்ல.

ஓர் எடுத்துக்காட்டு. 1971 ஆகஸ்டு 2 அன்று அப்பல்லோ 15 பயணத்தின்போது டேவிட் ஸ்காட் நிலவில் நின்று ஒரு சுத்தியலையும் பருந்தினத்துப் பறவை ஒன்றின் இறகையும் ஒரே நேரத்தில் கைவிட்டார். இரண்டும் ஒன்றாகத் தரையைத் தொட்டன. ஒரு நிமிடத்துக்குள் முடியும் அந்தப் பதிவை அப்படியே ஓட்டிக் காட்டினால், காற்றுத்தடை இல்லாதபோது முடுக்கம் நிறையைச் சார்ந்ததில்லை என்று மாணவர் 'கூற' முடியும். அதற்குமேல் அது எதையும் உறுதி செய்யாது.

நோக்கம் 'விளக்குதல்' என்றால், கைவிடுவதற்கு முந்தைய நொடியில் நிறுத்தி, நிகழப்போவதைக் காரணத்துடன் எழுதச் சொல்ல வேண்டும். இரண்டும் மிதக்கும் என்று சிலர் எழுதுவார்கள். காற்றில்லாத இடத்தில் ஈர்ப்பும் இல்லை என்ற நெடுநாள் நம்பிக்கை அப்போதுதான் வெளிப்படும். நோக்கம் 'கணக்கிடுதல்' என்றால், விழும் நேரத்தைப் பதிவிலிருந்தே அளக்கச் செய்து, உயரத்தைச் சுமார் 1.6 மீட்டர் எனக் கொண்டு நிலவின் ஈர்ப்பு முடுக்கத்தைக் காணச் சொல்லலாம். பூமியின் மதிப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு கிடைக்கும். காணொளி ஒன்றே, வகுப்புகள் மூன்று. பேச்சு குறைவாகவும் காட்சி தெளிவாகவும் இருப்பதால் ஆங்கிலம் பிடிபடாத மாணவரும் பின்தங்குவதில்லை.

நல்ல காணொளியைக் காட்டினால் போதும், புரிந்துகொள்வார்கள் என்று வாதிடுவோர் உண்டு. டெரெக் முல்லர் 2008-இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வு இதைச் சோதித்தது. தெளிவான விளக்கக் காணொளியைப் பார்த்த மாணவர்களின் நம்பிக்கை உயர்ந்தது. மதிப்பெண் பெரிதாக உயரவில்லை. தவறான கருத்துகளை முதலில் எடுத்துப் பேசி, பிறகு திருத்திய காணொளி அவர்களைக் குழப்பியது. ஆயினும் கற்றல் அதில்தான் மிகுந்தது. புரிந்துவிட்டது என்ற உணர்வு புரிதலாகாது. தனிப்பயிற்சிக்கு வசதியுள்ள மாணவர் இந்த இடைவெளியை வெளியே ஈடுசெய்துகொள்வார். வகுப்பறையை மட்டுமே நம்பி வந்தவருக்கு அது தேர்வுத்தாளில்தான் தெரியவரும்.

எனவே நான் பின்பற்றும் வரிசை எளியது. மாணவர் இறுதியில் விடையளிக்க வேண்டிய வினாவை முதலில் எழுதுகிறேன். அதற்குத் தேவையான காட்சியைப் பிறகு தேடுகிறேன். காணொளி இல்லாமலே அந்த வினாவுக்கு விடை எழுத முடியுமானால், எவ்வளவு அழகானதாயினும் அதை விட்டுவிடுகிறேன். எங்கே நிறுத்துவது, அப்போது என்ன கேட்பது என்பதையும் இணைப்பின் அருகிலேயே குறித்துவைக்கிறேன்.

நண்பர்களே, அடுத்த பருவத்துக்கான கோப்பை மூடுமுன் அந்த இணைப்புகளை ஒருமுறை திறந்து பாருங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் மாணவர் செய்ய வேண்டிய ஒரு செயலை எழுத முடிகிறதா என்று பாருங்கள். எழுத முடியாத இணைப்பை நீக்கிவிட்டால், மீளும் நிமிடங்கள் மாணவருக்குச் சொந்தம்.