ஓடலாமாப்பா?

எங்கள் வீட்டில் நாலு வயசு மகன் நாலடி ஓடினால் போச்சு! ‘‘என்ன சார், பூகம்பமா?’’ என்று கீழ்வீட்டுக்காரர் மாடியேறி வந்துவிடுவார். அதனால் நான் அவனிடம் அதிகம் சொன்ன வார்த்தை ‘ஓடாதே!’

போன ஞாயிறு மத்தியானம், மயிலாப்பூரில் திருமயிலை பறக்கும் ரயில் நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். 1997-ல் திறந்த ஸ்டேஷன். ஒரே முகூர்த்தத்தில் ஏழெட்டுக் கல்யாணம் நடத்தலாம், அத்தனை இடம். ஆள்தான் இல்லை.

‘‘ஓடலாமாப்பா?’’ ரகசியமாகக் கேட்டான்.

‘‘ஓடுடா!’’

தூணுக்குத் தூண் தொட்டு விளையாடினோம். அவன் கத்தினால் கட்டடம் திருப்பிக் கத்தியது. என் பி.காம். புத்தி கணக்குப் போட்டது: மொத்தச் செலவு, எனக்கு ஒரு டிக்கெட்.

தினமும் ஓடிப்போய் ரயில் பிடிக்கிற ஆசாமி, அன்று மூணு ரயிலை விட்டேன்.

வீடு திரும்பினோம். வாசலில் செருப்பைக் கழற்றியவன், தானாகவே நுனிக்காலில் நடந்து உள்ளே போனான்.

நான் ‘ஓடாதே’ சொல்லவே இல்லை.