மணிலாவில் ஒரு மாளிகை

1896-ல் ஸ்பானியர் தேசபக்தர் ரிஸாலைச் சுட்டுக் கொன்ற லுனெட்டா மைதானத்தைத் தாண்டிச் சற்று நடந்தால், பழைய சட்டசபை மாளிகையை அடைகிறோம். யுத்தத்தில் இடிந்து, திரும்ப எழுந்து, இன்று கலைக் காட்சிசாலையாக விளங்குகிறது.

1943 அக்டோபர் 14-ல், ஜப்பானியர் அளித்த ‘சுதந்திர’க் குடியரசின் தலைவராக ஹோஸே லாரெல் பிரமாணம் செய்தது இங்கேதான். அதற்கு முந்திய ஆண்டே, பிரதம நீதிபதி அபாத் சாந்தோஸ் அந்நியருக்கு ஊழியம் செய்ய மறுத்து, அவர்கள் கையால் உயிர் துறந்திருந்தார்.

லாரெலோ, ஜனங்களைக் காக்கவே பதவி ஏற்றதாகச் சொன்னார். 1944-ல் அமெரிக்காவின்மீது யுத்தப் பிரகடனம் செய்தார். ஆனால் பிலிப்பினோ வாலிபர்களைக் கட்டாயமாகப் பட்டாளத்தில் சேர்க்க இணங்கவில்லை. பின்னர் அவர்மீது தேசத்துரோக வழக்கு வந்தது. 1948-ல் பொதுமன்னிப்பு கிடைத்ததால் தீர்ப்பே பிறக்கவில்லை. 1951-ல் ஜனங்கள் அவரைச் செனட் சபைக்கு அனுப்பினார்கள்.

உயிர் ஈந்தவரை வணங்குவது எளிது. உயிரோடிருந்து பழி சுமந்தவரை எந்தத் தராசில் நிறுப்பது? மாளிகையின் தூண்கள் மௌனமாகவே நிற்கின்றன.