அசையவும் வேண்டும், கழலவும் கூடாது

கொம்பனித்தெருவைப் பற்றி எழுதப் புகுவோர் ஒல்லாந்தர் காலத்து அடிமைகளைப் பற்றியும் மலாய்ப் படைவீரர்களைப் பற்றியும் பேர வாவியைப் பற்றியும் எழுதுவது வழக்கம். பத்திரிகைப் பணியில் இருந்த நாட்களில் நானும் அவ்வாறே எழுதியிருக்கிறேன். ஆனால், கொழும்பிலே பழைய மோட்டார் வாகனம் ஒன்றை வைத்துக்கொண்டு அவதியுறும் ஒருவருக்கு கொம்பனித்தெரு என்றதும் நினைவுக்கு வருவது வரலாறு அல்ல, அங்குள்ள கராஜ்களேயாகும்.

பழைய வாகனம் என்பது எமது நாட்டில் பலருக்கு விருப்பத்தால் வந்ததல்ல. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடையில் 2022இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்து, சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் ஒருசில மாதங்களில் 360 ரூபாவைத் தொட்டது. இருப்பதைத் திருத்தி ஓட்டுவதைத் தவிர நடுத்தர வர்க்கத்தினருக்கு வேறு வழி இருக்கவில்லை.

எனது உறவினர் ஒருவரின் மகனிடம் டொயோட்டா ஸ்டார்லெட் டர்போ கார் ஒன்று இருக்கிறது. 1,331 கன சென்ரிமீற்றர் எஞ்சின். அதிகபட்சம் 135 குதிரைவலு. ஒரு தொன்னுக்கும் குறைந்த எடை. அந்தக் கார் கடுகண்ணாவை ஏற்றத்தில் பஸ் ஒன்றை முந்திச் செல்கையில் ‘டப்’ என்ற ஓசையுடன் வலுவிழந்தது. எதிரே லொறி வந்துகொண்டிருந்தது. பஸ் சாரதி வேகத்தைக் குறைத்து இடம்விட்டதனால் அன்று அவன் உயிர் தப்பினான். போனட்டைத் திறந்து பார்த்தபோது, டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் குழாய் கழன்று கிடந்ததாம். இப்படி நேர்ந்தது அது மூன்றாவது தடவை. முன்னர் பார்த்த கராஜ் ஒன்றில், ஒவ்வொரு முறையும் கிளிப்பை மேலும் இறுக்கி அனுப்பியிருக்கிறார்கள். இறுக்கிய இறுக்கில் ஹோஸ் வெட்டுண்டு போயிருந்தது.

அவனை அழைத்துக்கொண்டு கொம்பனித்தெருவில் எனக்கு நெடுங்காலம் அறிமுகமான முஸ்லிம் பெரியவர் ஒருவரின் கராஜுக்குப் போனேன். அவர் குழாயைத் தொடவே இல்லை. பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கியரில் போட்டு, எக்சலரேட்டரை மெல்ல மிதிக்கச் சொல்லிவிட்டு, பக்கவாட்டில் ஒதுங்கி நின்று எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சின் பின்னோக்கிச் சாய்ந்து எழும்பியது.

“குழாய்ல பிழையில்ல சேர். எஞ்சின் ஆடுது, குழாய் இழுபடுது” என்றார்.

அவர் விளக்கியதை எனக்கு விளங்கியவாறு கூறுகிறேன். குறுக்காகப் பொருத்தப்பட்ட எஞ்சின், சில்லுகளை முன்னோக்கிச் சுழற்றும்போது தான் பின்னோக்கிச் சுழல முனைகிறது. முதல் கியரில் எஞ்சினின் முறுக்குவிசை பத்து மடங்குக்கும் மேலாகப் பெருகிச் சில்லுகளுக்குப் போகிறது. அதன் எதிர்விசை முழுவதையும் தாங்குபவை சில இறப்பர் மவுண்டிங்குகளே. முப்பது ஆண்டுகளில் அந்த இறப்பர் வெடித்துத் தளர்ந்துவிடுகிறது.

ஸ்டார்லெட்டைச் செய்தவர்கள் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரை எஞ்சினின் மேலேயே வைத்தார்கள். எஞ்சின் ஆடினால் இன்டர்கூலரும் குழாய்களும் சேர்ந்தே ஆடும். பையனோ கூடுதல் வலுவுக்காகப் பெரிய இன்டர்கூலர் ஒன்றை முன் பம்பருக்குப் பின்னால் பொருத்தியிருந்தான். இப்போது குழாயின் ஒரு முனை காரின் உடலோடும் மறுமுனை ஆடும் எஞ்சினோடும் பிணைக்கப்பட்டிருந்தது. போதாததற்கு, உள்ளேயிருக்கும் அழுத்தமும் குழாயைத் தள்ளுகிறது. ஐந்து சென்ரிமீற்றர் விட்டமுள்ள குழாயில் ஒரு பார் அழுத்தம் என்றால், வளைவுகளில் ஏறத்தாழ 20 கிலோ எடைக்குச் சமமான விசை அதைக் கழற்றப் பார்க்கிறது. கிளிப் ஒன்று எத்தனை நாள் தாங்கும்?

“அப்படியானால் இறப்பரை எடுத்துவிட்டு இரும்பாலேயே மவுண்டிங் போட்டு எஞ்சினை ஆடாமல் செய்யலாமே?” என்று பையன் கேட்டான். நண்பர்கள் அவனுக்கு அவ்வாறு கூறியிருந்தார்கள்.

நானா சிரித்தார். “போடலாம் மகன். அதுக்குப் பொறகு எஞ்சின்ட நடுக்கமெல்லாம் பொடிக்கு வரும். ஒங்கட பல்லும் சேர்ந்து ஆடும். கொஞ்சம் ஆடத்தான் வேணும். கூட ஆடாமப் பாத்துக்கணும்.”

அவர் செய்த வேலை இவ்வளவுதான். பஞ்சிகாவத்தையில் தேடி நல்ல மவுண்டிங்குகளை எடுப்பித்து மாற்றினார். எஞ்சினின் மேற்புறத்துக்கும் காரின் உடலுக்கும் இடையில் ஒரு தாங்கிக் கம்பியைப் பொருத்தி, அதன் இரு முனைகளிலும் இறப்பர் புஷ் வைத்தார். சுபாரு கார்களில் இத்தகைய கம்பியைக் கம்பனியே பொருத்தி அனுப்புகிறது. எஞ்சின் பக்கக் குழாயை எஞ்சினோடும், இன்டர்கூலர் பக்கக் குழாயை உடலோடும் தனித்தனி பிராக்கெட்டுகளில் நிறுத்தி, இரண்டுக்கும் நடுவே வயிறு புடைத்த சிலிக்கன் ஹோஸ் ஒன்றைப் போட்டார். அசைவை அந்த வயிறு வாங்கிக்கொள்ளும். வழுவழுப்பாக இருந்த குழாய் முனைகளில் ஹோஸ் வழுக்காதிருக்கச் சிறு விளிம்பு எழுப்பி, படிந்திருந்த எண்ணெயைத் துடைத்து உலர்த்தி, அகன்ற பட்டையுள்ள போல்ட் கிளிப்பால் முடுக்கினார். இறுதியில் டர்போவின் வாயை அடைத்து, கொம்பிரசரால் அளவாகக் காற்றைச் செலுத்தி, மூட்டுகளில் சவர்க்கார நீரைப் பூசினார். ஒரு குமிழிகூட எழவில்லை.

டர்போவுக்கு முன்னாலுள்ள குழாயையும் அவர் விட்டுவைக்கவில்லை. அது கழன்றால் ஓசை பெரிதாகக் கேட்காது. ஆனால், வடிகட்டப்படாத தூசு உட்சென்று டர்போவின் இதழ்களை அரித்துவிடும். ஓசையில்லாமல் வரும் கேடுதான் பெரிய கேடு என்று அவர் சொன்னது வாகனத்துக்கு மட்டும் உரியதல்ல.

கொம்பனித்தெரு வேகமாக மாறி வருகிறது. 2010 மே மாதம் மியூஸ் வீதி வீடுகள் இடிக்கப்பட்டதை எம்மில் பலர் செய்தியாக எழுதியவர்கள். இன்று வானளாவிய கட்டடங்களின் நிழலில் இத்தகைய கராஜ்கள் எஞ்சியிருக்கின்றன. அவற்றுக்கு மாற்றிடம் என்று பேசுவோர் சதுர அடிக் கணக்கை மட்டுமே பேசுகிறார்கள். பஞ்சிகாவத்தைக்கு ஓடிப்போய் வரும் தூரமும், கடன் சொல்லி வேலை வாங்கும் பழக்கமும், எஞ்சின் எவ்வளவு ஆடலாம் என்று கண்ணாலேயே அளக்கும் கையறிவும் எந்தச் சதுர அடியிலும் அடங்குவதில்லை. இறுக்குவது எவருக்கும் இலகு. எங்கே இறுக்குவது, எங்கே இடம் விடுவது என்பதை அறிந்தவர்களை ஓரிடத்திலிருந்து கழற்றிவிட்டால், மீண்டும் பொருத்துவதற்குக் கிளிப் கிடையாது.