கிணறு வெட்டக் கிளம்பிய ஊர்

தோட்டத்து மோட்டார் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தால் பம்பின் இரும்பு உடம்பில் பெரும்பாலும் கோயமுத்தூர் என்ற பெயர் புடைத்துக்கொண்டு நிற்கும். இராமநாதபுரத்திலும் அதே பெயர்தான், ஆந்திரத்து அனந்தபூரிலும் அதே பெயர்தான். பெயின்ட் உரிந்து எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருந்தாலும் எழுத்து அழிவதில்லை, ஏனென்றால் அது வார்ப்படத்திலேயே வந்த எழுத்து. தன் பெயரை இப்படி இரும்பில் வார்த்து ஊர் ஊராக அனுப்பிவைத்த நகரம் தென்னாட்டில் வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை. ஆனாலும் கோவையைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் பஞ்சாலையில்தான் தொடங்குகிறார்கள். ‘தென்னிந்தியாவின் மான்செஸ்டர்’ என்று ஒரு பட்டம், இதமான காற்று, சிறுவாணித் தண்ணீர், மரியாதையான பேச்சு என்று வரிசையாகப் போய், பம்பு கடைசியில் வெட் கிரைண்டருக்குப் பக்கத்தில் ஒரு வரியாக ஒண்டிக்கொள்ளும். இந்த வரிசை தலைகீழானது என்பது என் கட்சி. கோவையை நகரமாக்கியது ஆலை அல்ல, கிணறு. இங்கிலாந்தில் போய் ஒரு ஊரைத் தேடி ஒப்பிட்டுக்கொண்டிருக்க அவசியமே இல்லை.

பூகோளத்திலிருந்து ஆரம்பிக்கலாம். தென்மேற்குப் பருவமழையை மலை மறித்துக்கொள்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று மட்டும் தாராளமாக வருகிறது. அதே மாவட்டத்தின் சின்னக்கல்லாறு இந்தியாவிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று; கோவை நகரத்துக்கோ ஆண்டு முழுவதும் சேர்த்து 700 மில்லிமீட்டர் கூடக் கிடைப்பதில்லை. வெள்ளிங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல் வருஷத்தில் சில மாதம்தான் ஆறு. முன்னோர்கள் அதை அணைக்கட்டுகளால் மறித்து, வாய்க்கால் வெட்டி, குளம் நிரம்பிக் குளத்துக்குப் போகும்படி செய்தார்கள். கணவாய் வழி வணிகமும் பழையதுதான். வெள்ளலூரில் கிடைத்த ரோமானியக் காசுகளே அதற்குச் சாட்சி. இருந்தும் இவ்வளவு காலம் கோவை ஒரு தங்கல் ஊராகவும் பேரூர்க் கோயிலுக்குப் பக்கத்து ஊராகவுமே இருந்தது. குளத்துத் தண்ணீர் எட்டிய வயல்கள் கொஞ்சம். எட்டாத மேட்டு நிலம்தான் பரந்து கிடந்தது. அந்த நிலத்தில் பாறையைப் பிளந்து கிணறு வெட்டினால் தோட்டம், வெட்டாவிட்டால் வெறுங்காடு.

அந்தக் கிணற்றிலிருந்து தண்ணீர் எப்படி மேலே வந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மாடு பூட்டி இறைக்கும் கவலை என்பது பார்க்க எளிய அமைப்பு. உள்ளே இருக்கிற யோசனை எளியதல்ல. அகன்ற வாயுடைய சால் ஒன்று, அதன் அடியில் யானைத் தும்பிக்கை போலத் தொங்கும் தோல் வால். சாலுக்குத் தடித்த வடக்கயிறு, வாலின் நுனிக்கு மெல்லிய வால் கயிறு. வடம் மேலே உள்ள உருளையில் ஓடும், வால் கயிறு கீழே தொட்டி விளிம்பை ஒட்டிய உருளையில் ஓடும். சால் கிணற்றுக்குள் இருக்கும்வரை வாலின் நுனி மடங்கி மேல்நோக்கியே நிற்பதால் ஒரு சொட்டும் சிந்தாது. மாடுகள் சரிவில் இறங்கி இழுக்க, கயிற்றின் மேல் உட்கார்ந்து ஆள் தன் எடையையும் சேர்த்துக் கொடுப்பார். சால் மேலே வந்ததும் வால் தானாக நீண்டு தொட்டியில் கவிழ்ந்து தண்ணீரைக் கொட்டிவிடும். பிறகு மாடுகள் பின்னங்கால் வைத்து மேடேற வேண்டும். பொழுது விடியும் முன்பே தொடங்கும் இந்த வேலைக்காகத்தான் கவலைப் பாட்டுகள் இருந்தன. தோலைப் பதப்படுத்தி வாலைத் தைத்தவர்களும், பெரும்பாலான தோட்டங்களில் பண்ணையாளாக இருந்து மாட்டை ஓட்டியவர்களும் அருந்ததியர்கள். பாறையைப் பிளந்தவர்கள் போயர்கள். கோவையின் எந்திர வரலாற்றை எழுதுவோர் முதல் லேத்திலிருந்து ஆரம்பிப்பது வழக்கம். முதல் அத்தியாயத்தைத் தோலில் தைத்தவர்களின் பெயர் அதில் வருவதில்லை.

சரி, கிணறு எங்கேதான் இல்லை? இந்த இடத்தில் தஞ்சாவூரைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். காவிரிப் பாசனத்தில் தண்ணீர் ஊருக்குப் பொது. கல்லணையில் திறந்தால் வாய்க்காலில் வரும், வாய்க்காலில் வந்தால் மடையில் வரும். அங்கே விவசாயியின் சாமர்த்தியம் முறைத் தண்ணீரை வாங்குவதில் இருந்தது. கொங்கு நாட்டில் ஆழத்தைக் கூட்டுவதா, கடன் வாங்குவதா, இன்னொரு ஜோடி மாடு பிடிப்பதா என்பதெல்லாம் ஒரே வீட்டின் முடிவு. சொந்தச் செலவில் கிணறு வெட்டி நிலத்தை மேம்படுத்தினால் அதற்காகக் கூடுதல் வரி போடுவதில்லை என்ற கொள்கையைச் சென்னை அரசு 19-ஆம் நூற்றாண்டிலேயே ஏற்றிருந்தது. 1883-இல் நில அபிவிருத்திக் கடன் சட்டமும் வந்தது. ஆக, போட்ட பணத்தின் பலன் போட்டவனுக்கே வரும் ஒரே இடம் கிணறுதான் என்றாகிவிட்டது. ஒவ்வொரு தோட்டத்துக்காரரும் தண்ணீரை இன்னும் சுலபமாக மேலேற்றும் வழியைத் தேடும் தனித்தனி வாடிக்கையாளர். ஆறு பாய்ந்த ஊரில் பொதுப்பணித் துறை அலுவலகம் வளர்ந்ததும், கிணறு ஆழ்ந்த ஊரில் பட்டறை வளர்ந்ததும் தற்செயல் அல்ல.

ஆலைக் கட்சிக்காரர்களின் மறுப்பு தெரிந்ததுதான். 1888-இலேயே ஸ்டேன்ஸ் துரையின் பஞ்சாலை வந்துவிட்டது, மோட்டார் பம்பு அதற்குப் பல பத்தாண்டு கழித்துத்தானே வந்தது என்பார்கள். ஆண்டுக் கணக்கு சரிதான். ஆனால் அந்த முதல் ஆலைக்குப் பிறகு ஏறத்தாழ 40 ஆண்டுகள் கோவையில் ஆலைகள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தன. அந்த இடைவெளியில் தோட்டங்களில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி வந்தது. நீண்ட இழை, நல்ல விலை, ஆனால் தண்ணீர் கேட்கும் பயிர். கிணறு உள்ளவர்களுக்கே அது கொழித்தது. பீளமேட்டிலும் பாப்பநாயக்கன்பாளையத்திலும் ஆலை வைத்த குடும்பங்கள் பருத்தி விளைவித்து, பருத்தி அரைத்து, பருத்தி விற்று மேலே வந்தவை. எல்லா ஆலையும் அப்படியல்ல, வெள்ளைக்காரர் பணமும் செட்டியார் பணமும் இருந்தன. என்றாலும் உள்ளூர் முதலீட்டின் வேரைத் தோண்டினால் கிணற்றங்கரைக்குத்தான் போய்ச் சேர வேண்டும். இரும்பு வேலைக்குக் கை பழகியது ஆலைகளில் என்பதை மட்டும் மறுக்க முடியாது. கதிர் மாற்றி, பல்சக்கரம் கடைந்து கற்றுக்கொண்டார்கள். அந்தக் கைகளுக்குத் தனியாகப் பட்டறை வைக்கும் தைரியத்தைக் கொடுத்த சந்தை எது என்பதுதான் கேள்வி.

அதற்குப் பதில் 1930-களில் கிடைக்கிறது. நீலகிரியில் பைக்காரா மின்நிலையம் 1932-இல் ஓடத் தொடங்கி, மின்கம்பி கீழே இறங்கியது. ஆலைகள் பெருகின என்பதை எல்லோரும் எழுதுகிறார்கள். தோட்டத்துக்கும் கம்பி போனது என்பதுதான் விசேஷம். 1937-இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து செய்த மின்மோட்டாரை இந்தியாவின் முதல் மோட்டார் என்று ஊர் கொண்டாடும். அதைவிடச் சுவாரசியமானது மோட்டார் கிணற்றுக்குள் இறங்கிய பிறகு பட்ட பாடு. மேலே உட்கார்ந்து உறிஞ்சும் பம்பு ஏழெட்டு மீட்டருக்குக் கீழே இருந்து தண்ணீரைத் தூக்காது. காற்றழுத்தத்தின் எல்லை அது, எந்த மேஸ்திரியும் மீற முடியாது. கோவைக் கிணறுகளோ அதைவிடப் பல மடங்கு ஆழம். எனவே கிணற்றுச் சுவரில் பாறையைக் குடைந்து திட்டு அமைத்து மோட்டாரை அங்கே உட்கார வைத்தார்கள். கோடையில் தண்ணீர் இறங்க இறங்க மோட்டாரும் அடுத்த திட்டுக்கு இறங்கும். ஐப்பசியில் ஒரே இரவில் மழை கொட்டினால் ஊற்றெடுத்து மோட்டார் மூழ்கும், காயில் புகைந்துபோகும். விடிந்ததும் கயிறு கட்டித் தூக்கி, வண்டியில் ஏற்றி, காயில் கட்டும் கடைக்குக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு மழையும் பட்டறைக்கு வேலை கொடுத்தது. கொண்டுவந்தவர் சும்மா போகவில்லை, குறை சொல்லிவிட்டுப் போனார். குறையைக் கேட்டவர் இம்பெல்லரை மாற்றினார், புட்வால்வை மாற்றினார், கடைசியில் தண்ணீருக்குள்ளேயே ஓடும் மோட்டாருக்கு வந்து சேர்ந்தார். கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் வீட்டுக்கு முன்னால் லேத்தும் பின்னால் அடுப்படியுமாக ஜாப் ஒர்க் பட்டறைகள் முளைத்தது இந்தப் போக்குவரத்தில்தான்.

இன்னொரு மறுப்பு கொஞ்சம் வலுவானது. தர்மபுரியிலும் அனந்தபூரிலும் இதே பாறை, இதே வறட்சி, இதே கிணறு. அங்கே ஏன் ஒரு கோவை உண்டாகவில்லை? கிணறு மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. பக்கத்து மலையிலிருந்து சீக்கிரமாக வந்த மின்சாரம், பணப்பயிர், ஆலையில் பழகிய கை இவை மூன்றும் ஒரே இடத்தில் கிணற்றோடு கூடிவந்தன. ஆனால் இதற்குப் பதிலாகப் பலரும் தயாராக வைத்திருக்கும் விளக்கம், ‘கொங்கு மண்ணின் உழைப்பு’ என்பது, எனக்கு ஒத்துவருவதில்லை. உழைப்பாளிகள் இல்லாத மாவட்டம் எது? திருப்பூர்ப் பனியன் முதலாளிகளை ஆராய்ந்து ஷரத் சாரி 2004-இல் ஒரு நூல் எழுதினார். தங்கள் உயர்வுக்குத் தங்கள் உழைப்பே காரணம் என்று முதலாளிகள் திரும்பத் திரும்பச் சொன்னதை அவர் மையமாக எடுத்துக்கொண்டு துருவிப் பார்த்தார். கவலை வடத்தில் உட்கார்ந்து உழைத்தவருடைய பேரனுக்கு ஏன் பட்டறை வாய்க்கவில்லை என்பதற்கு உழைப்புத் தத்துவத்தில் விடை கிடையாது. கிணறு யார் பட்டாவில் இருந்தது என்பதில் கிடைக்கும்.

கோவை இன்று கல்லூரியும் ஆஸ்பத்திரியும் ஐ.டி. அலுவலகமுமாக மாறிவிட்டதே, பழைய கிணற்றை ஏன் எட்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். பீளமேட்டில் ஒரு தோட்டத்துக் குடும்பத்தின் நான்கு பிள்ளைகள் 1926-இல் சொத்தை ஐந்தாகப் பிரித்து ஐந்தாவது பங்கைத் தருமத்துக்கு வைத்ததில் வந்தது பி.எஸ்.ஜி. தொழிற்கூடம், பம்பும் மோட்டாரும் செய்தபடியே பாடம் நடத்திய இடம். 1945-இல் ஆர்தர் ஹோப் பெயரில் தொடங்கி இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக இருப்பது, 1951-இல் பி.எஸ்.ஜி. டெக், 1956-இல் சி.ஐ.டி. எல்லாமே பட்டறைக்கு ஆள் தேவைப்பட்டதால் வந்த கல்லூரிகள். கம்ப்யூட்டர் கம்பெனிகள் இந்தக் கல்லூரிகளை நம்பித்தான் வந்தன.

கிணறு செய்த நன்மையை இவ்வளவு சொன்ன பிறகு, கிணறு என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். மோட்டார் வந்ததும் தண்ணீர்ப் பிரச்சினை மின்கட்டணப் பிரச்சினையாக மாறியது. நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் திரண்டார்கள். 1970-இல் பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் மூன்று விவசாயிகள் உயிரிழந்தனர். 1972-இல் கட்டை வண்டிகள் வந்து கோவை வீதிகளை அடைத்து நின்றன. மோட்டார் எந்த மாடுகளைக் கவலையிலிருந்து விடுவித்ததோ, அந்த மாடுகளே மோட்டாருக்காக வண்டி இழுத்து வந்த நாள் அது. 1989-க்குப் பிறகு வந்த இலவச மின்சாரத்தின் நியாயத்தை நான் மறுக்கமாட்டேன். ஆற்றுப் பாசனக்காரருக்குக் கிட்டத்தட்ட சும்மா கிடைக்கும் தண்ணீர் கிணற்றுக்காரருக்கு மட்டும் ஏன் விலை என்ற கேள்வி சரியான கேள்வி. ஆனால் மாடு களைத்தால் இறைப்பு நிற்கும், மோட்டார் களைப்பதில்லை. திறந்த கிணறு வற்ற, அதற்குள்ளேயே துளை போட்டார்கள். பிறகு கிணற்றை விட்டு ஆழ்குழாய்க்குப் போனார்கள். ஆழம் கூடக் கூடப் பெரிய பம்பு தேவைப்பட்டது. அதையும் கோவைதான் செய்து கொடுத்தது. தான் விற்கும் சரக்கே தன் காலடி ஈரத்தை உறிஞ்சுகிறது என்று எந்தத் தொழில் கண்காட்சியிலும் யாரும் சொல்லப்போவதில்லை.

நகரம் தனக்குக் குடிக்க 1930-ஐ ஒட்டியே சிறுவாணிக்குப் போய்விட்டது, பிறகு பில்லூருக்கும் போனது. உள்ளூர்த் தண்ணீரைப் பற்றிய கவலை அத்தோடு போயிற்று. இப்போது உக்கடம் பெரியகுளத்துக்கும் வாலாங்குளத்துக்கும் நடைபாதையும் வண்ண விளக்கும் வந்திருக்கின்றன, கூட்டமும் சேருகிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, குளத்தைத் தூர்த்துக் கட்டடம் கட்டிய காலத்துக்கு இது எவ்வளவோ மேல். ஆனால் இந்தக் குளங்கள் சுற்றுவட்டாரக் கிணறுகளுக்கு ஊற்றுக் கொடுத்தவை. வாய்க்கால் திறந்திருந்து குளம் நிரம்பினால்தான் அந்த வேலை நடக்கும். குளக்கரையில் மாலை நடை போகிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரூரைத் தாண்டி மேற்கே சித்திரைச்சாவடி அணைக்கட்டுக்குப் போய், கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி குளங்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலோடு நடந்து பாருங்கள். எந்த இடத்தில் அடைத்திருக்கிறதோ அதைக் குறித்துக்கொண்டு மாநகராட்சிக்கு மனு எழுதுங்கள்.