அளவறிந்து வாங்குதல்

தொண்டை நாட்டின் தலைநகராய் விளங்கிய காஞ்சி, கோயிலாலும் தறியாலும் புகழ் பெற்றது. இந்நகரின் பட்டுச்சேலையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்து இழைகளால் நெய்யப்பட்டு, கோர்வை என்னும் முறையால் இணைக்கப்படும். கைத்தறியை இயக்குவன நெசவாளரின் கையும் காலுமே; மின்னாற்றல் வேண்டுவதில்லை. ஆயினும் பட்டுநூலைக் கொதிநீரிலிட்டுப் பசை நீக்கவும் சாயம் ஏற்றவும் நெருப்பும் நீரும் மிகுதியாகச் செலவாகின்றன. அத்தகைய சேலையை ஒருமுறை உடுத்திப் பேழையில் அடைத்துவிட்டு மற்றொன்றை நாடுதல் தகுமோ? தாயின் கூறைச்சேலையை மகளும் உடுத்திப் போற்றுதல் சிக்கனம் மட்டுமன்று. உழைப்புக்கும் இயற்கைக்கும் செலுத்தும் நன்றியுமாகும்.

நிலக்கரியும் கல்லெண்ணெயும் எரிவதால் எழும் கரியமில வாயு வளிமண்டலத்தில் மிகுந்து, புவியினின்று மீளும் வெப்பத்தைத் தடுக்கின்றது. அதனால் உலகம் வெம்மையுறுகின்றது. அவ்வுயர்வை 2 பாகைக்கு மிகக் கீழே நிறுத்தவும், 1.5 பாகைக்குள் அடக்க முயலவும் உலக நாடுகள் 2015-ஆம் ஆண்டு பாரிசு மாநகரில் உடன்பட்டன.

"ஒருவர் செயலால் என்ன விளையும்?" என வினவுவார் உளர். கல்லெண்ணெயினின்று பெரிதும் செய்யப்படும் நெகிழிப் பைகளுக்குத் தமிழக அரசு 2019-ஆம் ஆண்டு சனவரி 1 முதல் தடை விதித்தது. அவ்வாண்டு சூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை, 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழும் அத்திவரதர் காட்சிக்கு மக்கள் பல இலட்சவராய்க் காஞ்சியில் திரண்டனர். அத்தகைய கூட்டத்தில் ஒவ்வொருவரும் ஒரு பையை எறிந்தால் குப்பை மலையாகும். ஒவ்வொருவரும் துணிப்பை கொணர்ந்தால் தெரு தூய்மையாயிருக்கும். அக்கோயிலின் குடலை இட்டலி, மூங்கிற் குடலையில் மந்தாரை இலை பரப்பி அவிக்கப்படுவது. பயன் தீர்ந்த இலை மண்ணுக்கே உரமாகின்றது.

ஆலைகளுக்கு வரம்பு கட்டுதல் அரசின் கடன். தனிமனிதர் முயற்சி மட்டும் அதற்கு ஈடாகாது. எனினும், வாங்குவாரற்ற பொருளை எந்த ஆலையும் நெடுநாள் செய்யாது.

"குறைத்து வாங்கினால் நெசவாளர் வாழ்வு என்னாகும்?" என்பது தக்க வினாவே. விசைத்தறியில் மலிவாய் நெய்த போலிகள் பலவற்றுக்குச் செலவிடும் பணத்தால் கைத்தறிச் சேலை ஒன்றை வாங்கி நெடுநாள் உடுத்தலாம். பொருளும் வீணாகாது, நெசவாளர்க்கும் கூலி சேரும்.

எனவே, மாணாக்கர் எப்பொருளை வாங்குமுன்னும் மூன்றை எண்ணுதல் வேண்டும்: இது தேவையா? எத்துணைக் காலம் உழைக்கும்? பயன் தீர்ந்தபின் எங்குச் சென்று சேரும்? இவற்றுக்கு விடை கண்டு வாங்குவோரே பின்வரும் தலைமுறைக்குத் தம் கடமையைச் செய்தவராவர்.